கவர் பிரிக்காத ஸ்டூல்

உக்காருங்க அண்ணாச்சி, உக்காருங்க. அந்த சோபா உங்களுக்காகத்தான் போட்டிருக்கு. சேலை எடுக்க வாற வீட்டு ஆம்பிளைக கால் ஓஞ்சு போயிரப்பிடாதுன்னு பெரிய முதலாளி இருந்த காலத்துலயே வாங்கிப் போட்டது. உங்க வீட்டு அம்மா இப்பதான் முகூர்த்தப் பட்டுல கைய வச்சிருக்காவ. இனி மாப்பிள வீட்டுக்கு, அத்தைக்கு, சித்திக்குன்னு வரிசையா வரணும்லா. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால எந்திரிச்சியன்னா அது உங்க யோகம். காபி சொல்லட்டுமா? கலரு சோடா? ஒண்ணும் வேண்டாமா? சரி.

நானா? நான் உக்கார மாட்டேன் அண்ணாச்சி. நான் இந்த மாடிக்கு சூப்பர்வைசர். ஐயம்பெருமாள்னு கேட்டா திருநெல்வேலி டவுன்ல ஜவுளிக்கடைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். காலைல கதவு திறந்தா ராத்திரி ஷட்டர் இறக்குற வரைக்கும் நின்ன காலுதான். டாக்டர் ஒரு சாக்ஸ் குடுத்திருக்காரு, முட்டு வரைக்கும் இறுக்கிப் பிடிக்கும். நரம்பு சுருண்டிருக்குன்னு சொல்லுதாரு. அவரு ஆயிரம் சொல்லுவாரு. உக்காந்தாதான் எனக்கு வலிக்கும். நின்னா ஒண்ணும் தெரியாது.

ஆனா இன்னைக்கு எனக்கு ஒரு இடத்துல நிக்கவும் முடியல. கால்ல சுடுதண்ணிய ஊத்தின மாதிரி அங்கயும் இங்கயும் நடக்கேன், நீங்களே பாத்திருப்பிய. சின்ன முதலாளி காஞ்சிபுரத்துக்குக் கொள்முதலுக்குப் போனவரு சாயந்தரம் திரும்புதாரு. வந்ததும் அவருகிட்ட நான் ஒரு பிள்ளையப் பத்திச் சொல்லணும். சொன்னா அது வேலை போயிரும். சொல்லலன்னா இந்த மாடியில என் பேச்சு எடுபடாது. சின்ன முதலாளி வரட்டும்னு அத்தனை பிள்ளைக முன்னாலயும் சொல்லித் தொலைச்சுட்டேன்.

அந்தா, உங்க வீட்டு அம்மாவுக்கு மாம்பழக் கலரு சேலைய விரிச்சுக் காட்டுதால்லா, ஒல்லியா, அவதான். இசக்கிப்பிரியா. மானூர்ப் பக்கம். வீட்டுல இவ ஒருத்தி வேலைக்கு வந்துதான் ஓடுது. வேலையில குத்தம் சொல்ல மாட்டேன். வாங்க வந்தவங்க முகத்தைப் பாத்தே இவங்க பச்சைதான் எடுப்பாங்கன்னு கண்டுபிடிச்சிருவா. கெட்டிக்காரிதான். அதுவும் சொல்லணும்லா. ஆனா உக்காந்துட்டா.

சிரிக்கிய பாத்தியளா. உக்காந்தா என்னன்னு கேக்கிய. அதைத்தான் சொல்ல வாரேன்.

கடையில நிக்கிற ஆளுகளுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு கவர்மெண்டு சட்டம் போட்டாவல்லா. போட்டதும் சின்ன முதலாளி லாரி நிறைய ஸ்டூல் இறக்கிட்டாரு. நல்ல ஸ்டூல், மேல மெத்தை வச்சது. கௌண்டருக்கு ஒண்ணுன்னு போட்டு, பிள்ளைகள எல்லாம் அதுல உக்கார வச்சு, போட்டோ எடுத்து போன்ல விட்டாரு. ஊரே பாராட்டிச்சு. இப்பிடி ஒரு முதலாளி உண்டுமான்னு அமெரிக்காவுல இருந்து எல்லாம் எழுதியிருந்தாங்களாம். எல்லாம் முடிஞ்சதும் என்னைய ரூமுக்குக் கூப்பிட்டாரு. ஸ்டூல் போட்டாச்சு, யாரு எப்ப உக்காரதுங்கிறத நீங்க பாத்துக்கிடுங்கன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. முதலாளி வாயால சொல்லாததைப் புரிஞ்சுக்கிடுதவன்தான சூப்பர்வைசர்? வெளிய வந்து நான் ஒரு முறை போட்டேன். கஸ்டமர் இருக்கும்போது உக்காரப்பிடாது. கஸ்டமர் இல்லன்னா கலைஞ்ச சேலைய மடிக்கணும், மடிக்கும்போது உக்காரப்பிடாது. மத்த நேரம் தாராளமா உக்காரலாம். இதுல என்ன அநியாயம் இருக்கு, நீங்களே சொல்லுங்க.

இன்னொரு ஏற்பாடும் செஞ்சேன். ஸ்டூல் வரும்போது மெத்தை மேல பிளாஸ்டிக் கவர் சுத்தி வந்துச்சு. பிள்ளைக பிரிக்கப் போனாளுவ. நான்தான் பிரிக்காதீங்கட்டின்னேன். லேபர் ஆபீசர் வந்து பாத்தா புத்தம் புதுசா இருக்கட்டும்னுதான் சொன்னேன், வேற ஒண்ணும் நினைக்கல. அப்புறம்தான் தெரியுது, எவளாவது உக்காந்தா அந்தக் கவர் சரக்குன்னு சத்தம் போடும். கேமரா இருக்கு, ஆனா அது கௌண்டருக்கு மேலதான் பாக்கும். கௌண்டருக்குப் பின்னால குட்டையா இருக்கிற ஸ்டூலு அதுல விழாது. கவரு அப்படி இல்ல. நான் இந்தக் கடைசியில முதுகைக் காட்டிட்டு நின்னாலும், எந்தக் கௌண்டர்ல எவ உக்காந்தான்னு காது சொல்லிரும். சின்ன முதலாளிகிட்ட சொன்னப்ப அவரே அசந்துட்டாரு.

மூணு தடவை உக்காந்து பிடிபட்டா வீட்டுக்குன்னு சொல்லியிருந்தேன். இசக்கி முதல் தடவை சத்தத்துலயே மாட்டிக்கிட்டா. ரெண்டாவது தடவை சத்தமே இல்ல. என்னடான்னு பாத்தா, கவர் மேல நாலா மடிச்ச ஜாக்கெட் பிட்டு. அதுல பூப்போல உக்காந்து எந்திரிச்சிருக்கா. பிட்டு கசங்கியிருந்ததை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். என்ன மூளை பாருங்க. அந்த மூளையப் படிப்புல காட்டியிருந்தா இந்நேரம் ஆபீசர்.

மூணாவது முந்தாநாள். அங்கதான் எனக்கு ஆறல.

பாளையங்கோட்டையில இருந்து ஒரு டீச்சரம்மா வருவாவ. வருசா வருசம் வாறவங்க. அவங்க மருமகளுக்கு வளைகாப்புச் சேலை எடுக்க வந்தாவ. நான் அந்தப் பக்கம் ஒரு பார்ட்டிய அனுப்பிட்டுத் திரும்புதேன், சரக்குன்னு சத்தம். பாத்தா இசக்கி ஜம்முன்னு உக்காந்து, மடியில வச்சு சேலைய விரிச்சுக் காட்டுதா. கஸ்டமர் முன்னால! நான் கிட்டப் போயி என்ன இதுன்னு மெதுவாத்தான் கேட்டேன். டீச்சரம்மா என்னைய ஏறிட்டுப் பாத்து, "நான்தான் உக்காரச் சொன்னேன். சட்டமே வந்துட்டு, இன்னுமா இந்தப் பிள்ளைகள நிக்க வைக்கிய? உங்களுக்கெல்லாம் மனசே கிடையாதா?"ன்னாவ. மாடியே திரும்பிப் பாக்குது. எனக்கு மேலு பூரா கொதிக்கு.

ஏன் கொதிக்குன்னு கேளுங்க. இதே அம்மா, இதே டீச்சரம்மா, அஞ்சாறு வருசத்துக்கு முன்னால வந்தாவ. அப்ப செல்வமணின்னு ஒரு பிள்ளை நின்னுச்சு. அது லேசா ரேக்குல சாஞ்சுக்கிட்டு சேலை எடுத்துப் போட்டுச்சு. உக்காரக்கூட இல்ல, சாஞ்சுச்சு. இவங்க கீழ இறங்கிப் போயி பெரிய முதலாளிகிட்ட, நாங்க காசு குடுக்க வந்து நிக்கோம், உங்க பிள்ளை மகாராணி மாதிரி சாஞ்சிக்கிட்டு நிக்கா, இதுதான் மரியாதையான்னு கேட்டாவ. பெரிய முதலாளி என்னைக் கூப்பிட்டு ஏசினாரு. நான் செல்வமணிய அன்னைக்கே கணக்குத் தீத்து அனுப்பிட்டேன். யாருக்காக? இந்த அம்மாவுக்காக. அந்தப் பிள்ளை போகும்போது படியில உக்காந்து செருப்ப மாட்டிட்டு கொஞ்ச நேரம் எந்திரிக்கவே இல்ல. இப்ப எங்க இருக்கோ.

இப்ப அந்த அம்மாவுக்கு மனசு மாறிட்டு. நல்லது, மாறட்டும். ஊருக்கே மனசு மாறிட்டு, சட்டமும் மாறிட்டு, முதலாளியும் போட்டோவுக்காக மாறிட்டாரு. ஆனா இவங்க எல்லாம் சொன்ன முறைய இத்தனை வருசமா தலையில சுமந்துக்கிட்டு நிக்கேனே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு மாறக் கூடாதா? ஏய்யா ஐயம்பெருமாளு, இனிமே அது வேண்டாம், இறக்கி வச்சுருன்னு ஒரு ஆளாவது சொன்னாவளா? யாரும் சொல்லல. எல்லாரும் அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டு என்னையப் பாத்து மனசு கிடையாதான்னு கேக்காவ.

ஏட்டி ராசாத்தி, அந்தக் கத்திரிப்பூக் கலரை அங்க போடாத, வெளிச்சத்துல போடு. அம்மாவுக்குத் தெரியட்டும்.

என்ன சொன்னேன்? ஆங், முறை. கடைன்னா நிக்கணும் அண்ணாச்சி. அதுதான் லட்சணம். ஆதியில இருந்தே அப்படித்தான். நான் வேலைக்குச் சேந்தப்ப இங்க என்ன, கௌண்டரா இருந்துச்சு? ஹால் பூரா வெள்ளை மெத்தை விரிச்சிருக்கும். வாறவங்க செருப்ப வாசல்ல விட்டுட்டு வந்து சுவத்துல சாஞ்சு உக்காருவாவ. நாங்க எதுத்தாப்ல சம்மணம் போட்டு உக்காந்து ஒவ்வொண்ணா விரிப்போம். குடும்பமே சுத்தி உக்காந்திருக்கும். பிள்ளைக மெத்தையில உருளும். நாங்களும் அவங்களும் ஊர்க்கதை பேசித்தான் யாவாரம். அப்புறம்தான் கௌண்டர் வந்துச்சு. அன்னைக்கு முதல்ல எதுத்தவன் நான்தான், தெரியுமா? வந்தவங்களயும் நிக்க வச்சு நாமளும் நின்னு துணி காட்டுதது மரியாதையா, கடையா இது, பஸ் ஸ்டாண்டான்னு பெரிய முதலாளிகிட்டயே கேட்டேன். அவரு, காலம் மாறுதுல, மாறிக்கோன்னாரு. மாறிக்கிட்டேன். அதுல இருந்து நிக்கோம்.

நீங்க ஏன் அப்படிப் பாக்கிய? அது வேற, இது வேற. மெத்தையில எல்லாரும் உக்காந்தோம். இங்க கஸ்டமர் நிக்கும்போது இவ உக்காருததுதான் தப்புங்கேன்.

பொம்பளப் பிள்ளைகள வேலைக்கு எடுக்கும்போதும் எனக்கு ஒப்பல. சேலைய ஆம்பிள தோள்ல போட்டுக் காட்டினாத்தான் எடுப்பா இருக்கும்னு சொல்லிப் பாத்தேன். இப்ப பாருங்க, இந்தப் பிள்ளைக இல்லாம பட்டு செக்‌ஷன் ஒரு நாள் ஓடுமா? எவனாவது வந்து இனி ஆம்பிளைகதான்னு சொல்லட்டும், நான் விடுவனா?

நல்ல பிள்ளைக அண்ணாச்சி. என் வாயி இப்படி இருக்கும், ஆனா என் பிள்ளைக மாதிரிதான். மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் சாப்பாட்டு ரூம்ல தரையில படுத்து, காலை மட்டும் சுவத்துல ஏத்தி வச்சுக்கிடுவாளுவ. வரிசையா அத்தனை காலும் சுவத்துல இருக்கும். கால்ல கட்டின ரத்தம் கீழ இறங்கணுமாம். நான் கதவைத் தட்டி, என்ன லட்சணம்டி இதுன்னு சத்தம் போடுவேன். உடனே எந்திரிச்சிருவாளுவ. சொன்னாக் கேப்பாளுவ, அது எல்லாம் உண்டு.

எனக்கு ஒரே மக. கோமதி. பி.காம் முடிச்சிருக்கா. மதுரையில ஒரு நகைக்கடையில வேலை, சேந்து மூணு மாசம் ஆகல. இங்கயே சேத்து விடுங்கன்னு வீட்டுல சொன்னாவ. சின்ன முதலாளியும் கேட்டாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். ஏன்னா... அப்பனும் மகளும் ஒரே கடையில இருந்தா நல்லா இருக்காதுல்லா? அதுக்குத்தான். வேற ஒண்ணும் இல்ல.

போன வாரம் லீவுக்கு வந்தா. நான் வீட்டுக்குள்ள நுழையுதேன், நடுவீட்டுல பாயில படுத்து ரெண்டு காலையும் சுவத்துல ஏத்தி வச்சிருக்கா. பாதம் ரெண்டும் வீங்கி, வளையம் வளையமா செருப்புத் தடம். என்ன லட்சணம்னு என் வாயில வந்துட்டு. சொல்லாம சட்டையக் கழட்டி ஆணியில மாட்டினேன். அவ என்னையப் பாத்ததும் காலை இறக்கிட்டா.

நேத்து சாயந்தரம் போன் பண்ணினா. இந்த முந்தாநாள் விசயம் மனசுல கிடந்து அரிச்சுக்கிட்டே இருந்துச்சா, மாடிப்படியில நின்னு பேசிக்கிட்டே கேட்டேன். ஏம்மா, உங்க கடையில உக்கார ஸ்டூல் போட்டிருக்காவளா? கேட்டேன், அவ்வளவுதான்.  அதுக்கு அவ சொன்னா. "ஸ்டூல் இருக்குப்பா. நல்ல ஸ்டூல்தான். ஆனா எங்க மாடிக்கு உங்கள மாதிரியே ஒருத்தர் இருக்காரு."

எனக்கு நிம்மதியா இருந்துச்சு அண்ணாச்சி. நிசமாத்தான் சொல்லுதேன். வெளியூர்ல பொம்பளப் பிள்ளை, நம்மள மாதிரி கண்டிப்பான ஆளு ஒருத்தர் மேல இருந்தா ஒரு பாதுகாப்புலா. வீட்டுல போய் மக இப்படிச் சொன்னா பாத்துக்கோன்னு பெருமையாச் சொன்னேன். என் வீட்டுக்காரி சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கல. என் தட்டுல சோத்தை வச்சுட்டு உள்ள போயிட்டா.

அதுல இருந்துதான் இந்தக் காலு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு. அந்த ஆளு எப்படிப்பட்டவரோ. அவரு என்ன முறை வச்சிருக்காரோ. எத்தனை தடவைன்னு சொல்லியிருக்காரோ. இவ வாயில்லாப் பூச்சி, எதுத்துப் பேச மாட்டா. அந்த ஆளுக்கு மக இருக்காளோ என்னமோ.

முந்தாநாள் டீச்சரம்மா போன பொறவு இசக்கியக் கூப்பிட்டுக் கேட்டேன். மூணு ஆயிட்டே, என்ன சொல்லுதன்னு. அவ அழல. மன்னிப்பும் கேக்கல. "அவங்க சொன்னாங்க, உக்காந்தேன் சார். நீங்க சொன்னா நிக்கேன்"னா.  அன்னையில இருந்து பாருங்க, ஸ்டூல் பக்கமே போகல. நேத்து பூரா நிக்கா. கூட்டமே இல்லாத நேரத்துலயும் நிக்கா. காலை மாத்தி மாத்தி வச்சு நிக்கா. நான்தான் நிக்கச் சொன்னேன். நிக்கா. அப்புறம் எனக்கு ஏன் பொறுக்கலங்கிறதுதான் தெரியல.

கேட்டியளா?

சரக்குன்னு. உங்களுக்குக் கேக்கலயா? எனக்குக் கேட்டுச்சு. அவ கௌண்டர்தான். உங்க வீட்டு அம்மாதான் சொல்லியிருப்பாவ, உக்காந்து காட்டும்மான்னு. அவங்க மேல தப்பு இல்ல. இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. பாருங்க, நான் திரும்புறதுக்குள்ள எந்திரிச்சுட்டா. அம்மா தோளைப் பிடிச்சு அழுத்துதாவ, இவ என்னையப் பாத்துக்கிட்டு நிக்கா.

கொஞ்சம் இருங்க. இதா வந்துருதேன்.

ஏட்டி இசக்கி, அந்த நூல் வெட்டுத கத்திரிய இங்க எடு. அந்த ஸ்டூலை வெளிய இழு. ராசாத்தி, உன்னோடதையும் எடுத்துட்டு வா. எல்லாரும் எடுத்துட்டு வாங்கட்டி. ஒண்ணு விடாம. என்ன முழிக்கிய? ஒண்ணும் பேசாதீங்க. பிடி. அந்தப் பக்கம் கெட்டியாப் பிடி. ம். அடுத்தது. அம்மா, நீங்க சேலையப் பாருங்க, இது ஒண்ணும் இல்ல, சும்மா தூசி தட்டுதோம். அடுத்தது. இதை எல்லாம் சுருட்டிக் குப்பையில போடு. மெத்தைய ஈரத்துணிய வச்சுத் துடைச்சுட்டு அவங்கவங்க இடத்துல கொண்டு போடுங்க. போங்க. என் மூஞ்சியில என்ன இருக்கு? போங்கட்டி.

அப்பாடா. மூச்சு வாங்குது. குனிஞ்சு நிமிந்தா முட்டு பிடிக்கு. இல்ல இல்ல, நீங்க நகர வேண்டாம், நான் உக்காரல. நின்னாத்தான் எனக்குச் சரியா வரும்.

ஏன் பிரிச்சேன்னு கேக்கியளா? சத்தம் அண்ணாச்சி. கஸ்டமருக்கு இடைஞ்சலா இருக்குல்லா. நல்ல பட்டைக் கையில வச்சுக்கிட்டு யோசிக்கும்போது சரக்கு சரக்குன்னா யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதுக்குத்தான் பிரிச்சேன். வேற ஒண்ணும் இல்ல. என் முறை முறைதான், அதுல மாத்தம் கிடையாது. கஸ்டமர் முன்னால உக்காரப்பிடாது. மூணு தடவைன்னா வீட்டுக்கு. சாயந்தரம் சின்ன முதலாளி வந்து கேட்டாருன்னா அதைத்தான் சொல்லுவேன்.

இசக்கியவா? அவளப் பத்தி நான் என்னத்தச் சொல்ல? முந்தாநாள் கேட்டது அந்தக் கவரோட குப்பைக்குப் போயிட்டு. சொல்லணும்னா சத்தம் கேக்கணும்லா. இனிமே எவ உக்காந்தாலும் எனக்குக் கேக்காது.